இருப்புப்பாதையும் சான்றிதழும்

தமிழ் படிப்பிப்பவர்க்குப் புகைவண்டியோடு யாது உறவு என்று இம்மலரை விரிக்கும் அன்பர் வினவுதல் கூடும். நறுவிலிக்குளத்தார்க்கு அவ்வுறவு தானே வந்து சேர்ந்தது. 1914 ஆம் ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இடப்பட்ட பாதை முருங்கன் வழியே எம் பகுதியை ஊடறுத்துச் செல்லுகின்றது. எம் மூத்தோர் அவ்வழியே கோச்சியேறி, தலைமன்னார்த் துறையிற் கப்பல் மாறி, இராமேச்சுரம் தொழுது மீண்டனர். 1990 இல் போரினால் அப்பாதை அழிந்தது. எம் தலைமுறை கோச்சியைக் கதையிலே கேட்டு வளர்ந்தது. 2015 மார்ச் 14 ஆந் திகதி பாரதப் பிரதமர் தலைமன்னாருக்கு வந்து கொடியசைக்க, வண்டி மீண்டும் ஓடிற்று. அன்று முதல் எம் மாணாக்கரிற் சிலர்க்கு ஓட்டுநராக வேண்டுமென்ற ஆசை பிறந்தது. நிலைய அதிபராக வேண்டுமென்றவர் மிகச் சிலரே.

அதிலே வியப்பில்லை. ஓட்டுநரை யாவருங் காண்பர். வண்டியை விடுபவரை ஒருவருங் காணார். வண்டி நிலையத்தை நீங்கலாம் என்று கூறும் நிலைய அதிபரும், தொலைவிலுள்ள அறையொன்றில் அமர்ந்து பல நிலையங்களையும் ஒருங்கே நோக்கும் கட்டுப்பாட்டாளருமே வண்டியை விடுவோர். ஒற்றைத் தடத்திலே எதிரெதிராக வரும் இரு வண்டிகளுள் எது முந்திச் செல்வது, எது காத்து நிற்பது என்பதை வகுப்பது அவர் தொழில். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் நீரை வயலுக்கு வயல் முறைவைத்து விடுவதை அறிந்த எம்மூரார்க்கு இதனை விளக்குதல் எளிது. ஆனால் வாய்க்கால் முறை பிழைத்தால் வரம்பிலே ஒரு சண்டையோடு தீரும்.

வண்டி முறை பிழைத்தால் யாது நிகழும் என்பதற்கு 1874 செப்டெம்பர் 10 ஆந் திகதி இரவு, இங்கிலாந்தில் நோரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில் நேர்ந்தது சான்றாகும். பிந்தி வந்த விரைவு வண்டியை முன்னே விடுவதா, எதிர்நிலையத்திற் காத்திருந்த தபால் வண்டியை அழைப்பதா என்பதே கேள்வி. இராக்கால மேற்பார்வையாளர் தந்தி எழுதுநரிடம் ஒரு கட்டளையை வாயாற் கூறினார், ஒப்பமிடவில்லை. ஒப்பமில்லாத செய்தியை அனுப்பலாகாது என்பது விதி. எழுதுநரோ அனுப்பிவிட்டார். மேற்பார்வையாளர் பின்னர் விரைவு வண்டியையும் விட்டார். பிழை தெரிந்து மறுசெய்தி அனுப்பியபோது, தபால் வண்டி புறப்பட்டுவிட்டது என்ற மறுமொழியே வந்தது. இரண்டும் மோதியதில் 25 பேர் மாண்டனர்.

இதன் பயனாக எட்வர்ட் டையர் என்பவர் டப்லெட் முறையை அமைத்து 1878 இல் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களிலும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனுமொரு பெட்டியிற் சேரும்வரை வேறு தகடு வாராது. தகடு கையில் இல்லாத ஓட்டுநர் அத்தடத்திற் புகலாகாது. இலங்கையின் ஒற்றைத் தடங்களிலும் இம்முறை நெடுங்காலம் வழங்கிற்று. நிலைய அதிபர் வளையத்தோடு கூடிய தோற்பையை நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து அதனைக் கைந்நீட்டிப் பற்றும் காட்சியை மலைநாட்டுப் பாதையிற் சென்றவர் கண்டிருப்பர்.

எனினும் பெட்டி பழுதாகும் நாளும் உண்டு. அன்று மீண்டும் வாய்ச்சொல்லே வண்டியை விட வேண்டும். அதனாலேதான் வண்டி விடுவோரின் பயிற்சியிற் பெரும்பகுதி சொற்பயிற்சியாய் இருக்கின்றது என்று அறிந்தபோது எமக்கு மிக்க உவகை உண்டாயிற்று. செய்தியை எழுதுதல் வேண்டும். நேரங் குறித்தல் வேண்டும். கேட்டவர் அதனைத் திருப்பிப் படித்துக் காட்டல் வேண்டும். கூறியவர் சரி என்ற பின்னரே அது கட்டளையாகும். ‘போகலாம்’ என்பதற்கும் ‘போகலாமா’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆகாரம். வகுப்பிலே வினா எழுத்துக்களைப் படிப்பிக்கும்போது கொட்டாவி விடும் மாணாக்கர்க்கு இப்போது யாம் இவ்வுதாரணத்தையே கூறுகின்றோம். தொலைபேசியின் இரைச்சலில் அவ்வாகாரம் மறைந்தால், வினா விடையாகிவிடும். நிறுத்திவைத்த வண்டி நகர்ந்துவிடும்.

பாரதத்திலே தென்னக இரயில்வேக்கு இப்பயிற்சியை அளிக்கும் நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. அங்கே தேறிவந்தவரும் ஒரு நிலையத்திற் கால்வைத்த அன்றே வண்டி விட இயலாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்கென்றே எழுதப்பட்ட வேலைவிதிகள் உள. அவற்றைப் படித்து விளங்கிக்கொண்டேன் என்று பேரேட்டில் ஒப்பமிட்ட பின்னரே பொறுப்பேற்பர். ஒரு பாடசாலையினின்று மற்றொன்றுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியரிடம் இவ்வூர்ப் பிள்ளைகளை அறிந்துகொண்டேன் என்று யாரேனும் ஒப்பங் கேட்டதுண்டா? கேட்டால் நன்றே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் பழைய மாணாக்கரொருவர் இப்பதவிக்கு விண்ணப்பிக்க விரும்பி நற்சான்றுக் கடிதங் கேட்டு வந்தார். கணக்கிலும் மொழியிலும் வல்லவர், பொறுமை மிக்கவர், எழுத்து முத்துப் போன்றது. யாமும் மனமுவந்து எழுதிக் கொடுத்தோம். கண் பரிசோதனையிலே வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருந்த எண்ணை அவராற் காண இயலவில்லை. சிவப்பும் பச்சையும் அவர்க்கு ஏறத்தாழ ஒன்று. அவர் தந்தையார் எம்மிடம் வந்து, “பழுத்த மிளகாயை மட்டும் பறி என்றால் காயையும் சேர்த்துப் பறிச்சுக்கொண்டு வருவான் மாஸ்டர், கவனமில்லை என்று ஏசுவோம்” என்று கண்கலங்கினார். ஏசியதை எண்ணியே கலங்கினார் என்று யாம் உணர்ந்தோம்.

இப்பரிசோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1875 இல் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு வண்டிகள் மோதியபின், உப்சாலாப் பல்கலைக்கழகத்து ஹோல்ம்கிரென் என்னும் உடற்றொழிலியலார் இருப்புப்பாதை ஊழியர் முன் வண்ணக் கம்பளி நூல்களைப் பரப்பி, நிறம் பிரித்தடுக்கச் செய்தார். 266 பேருள் 13 பேர்க்கு நிறக்குருடு இருக்கக் கண்டார். அவ்விபத்துக்கு நிறக்குருடே காரணமா என்று பிற்கால ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஆயினும் பரிசோதனை உலகெங்கும் நிலைத்தது. எம் மாணாக்கர் இன்று மன்னாரிலே கடை வைத்து நன்றாக வாழ்கின்றார். அவரைத் தள்ளிய விதி கொடிதென்று அவர் கூறவில்லை. யாமும் கூறோம், எழுத்துத் தேர்வுக்கு முன்னரே கண்ணைப் பார்த்திருந்தால் ஓராண்டு உழைப்பும் ஓர் ஆசையும் வீணாகியிரா என்பது மட்டும் எம் கருத்து.

அமெரிக்க நாட்டிலே ஓட்டுநர்க்கு 1991 இலும் கார்டுமார்க்கு 2011 இலும் அரசுச் சான்றிதழ் விதி வகுக்கப்பட்டது. வண்டி விடுவோர்க்கு அத்தகைய விதி 2024 மே மாதத்திலேயே வெளியாயிற்று. காணப்படாத தொழிலுக்கு எதுவும் கடைசியிலேதான் வரும் போலும். கண்பார்வை, செவிப்புலன், மது முதலியவற்றின் பழக்கம், விதியறிவு ஆகியவற்றைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குவர். மூன்றாண்டுக்கு மேல் அது செல்லாது. மீண்டுஞ் சோதிக்கப்படல் வேண்டும். எம் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோ கண்ணாடிச் சட்டத்துள் சுவரிலே தொங்குகின்றது. ஓய்வூதியம் பெறும்வரை அதனை எவரும் இறக்கிப் பாரார். எது மதிப்புடையது என்று எம்மைக் கேட்டால், மூன்றாண்டிற் காலாவதியாகும் காகிதமே என்போம்.

ஆயினும் காகிதத்தின் எல்லையையும் கூறவேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கிய செய்தி மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்கு எட்டியவுடன், அங்கிருந்தோர் கரையோரப் பாதையில் எட்டு வண்டிகளை நிறுத்தினர். மாத்தறை விரைவு வண்டியை மட்டும் நிறுத்த இயலவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துத் தொலைபேசி மணியடித்தது. நிலையத்தோர் யாவரும் அதே வண்டியை வழியனுப்பும் பணியில் இருந்தமையால், அது புறப்பட்ட பின்னரே எடுக்கப்பட்டது. அதற்கப்பால் இருந்த நிலையங்களில் மறுமொழி கூற ஆளில்லை. பெரலியவில் அவ்வண்டியோடு ஆயிரத்தெழுநூறு பேருக்கு மேல் மாண்டனர். எவரும் கடமை தவறவில்லை என்பதே இதிற் கொடுமை.

அன்று வேண்டியிருந்தவை, ஓட்டுநரோடு நேரே பேசும் ஒரு கருவியும், தொலைபேசி அருகினின்று அகலாத ஒருவருமே. அமெரிக்கச் சட்டம், மாறி மாறிப் பணிசெய்யும் அலுவலகங்களில் வண்டி விடுவோர் ஒருநாளில் ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்கின்றது. இத்தொழிலுக்குச் செல்ல விரும்பும் மாணாக்கர் எம்மிடம் வரும்போது, பயிற்சி எத்தனை மாதம் என்றே கேட்கின்றனர். இரவிலே அந்நிலையத்தில் எத்தனை பேர் இருப்பர், தொலைபேசியை எடுப்பவர் யார் என்று கேட்டு வரும்படி யாம் அவர்களைத் திருப்பியனுப்புகின்றோம்.