மஞ்சள் நீராட்டு

சென்ற தை மாதம் தென்னேரியில் என் மாணவி ஒருத்தியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். வாழை மரங்கள், சர விளக்குகள், ஆளுயரப் படம்! தாய்மாமன் மேளதாளத்துடன் கொண்டுவந்த சீர்த் தட்டுகளை எண்ணத் தொடங்கி, அறுபதோடு நிறுத்திக்கொண்டேன். (கணக்கு உபாத்தியாயருக்கு அழகல்லதான்.)

யூதர்களிடையேயும் இத்தகைய சடங்கு உண்டு. 13 வயதுப் பையன் ஜெப ஆலயத்தில் சபையறியத் தோராவை வாசிப்பான். பிறகு விருந்து அமர்க்களப்படும். கொச்சியில் 1568-ல் எழுந்த அவர்களது ஆலயம் இன்றும் இருக்கிறது. நம் விழா நாயகியோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்வாரில்லை. என்னைக் கண்டதும், "சார், பரீட்சை எப்போது?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

"இனிப் படிப்பு எதற்கு, சார்? அடுத்த தையிலும் இதே பந்தல்தான்!" என்றார் மாமன்.

"பெண்ணுக்கு வயது 14, ஐயா. 1929-ல் வந்த சாரதா சட்டத்திற்கு அது போதும். 1978 முதல் 18 ஆக வேண்டுமே!" என்றேன்.

அவர் சிரித்து மழுப்பினார். தகப்பனார் மொய் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. பந்தல் கடன் அவருக்கு.

திங்கட்கிழமை மணி அடித்ததும் வாசலைப் பார்த்தேன். வியாழக்கிழமைதான் வந்தாள். மருதாணி மங்கவில்லை, வீட்டுக் கணக்கும் போடவில்லை.