பத்தாவதுக்கு அப்புறம் பசிக்காதா?

சத்துணவுன்னா நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் பெருமையா பேசுவாங்க. பேச வேண்டியதுதான். 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, பிறகு முட்டை, 2022-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு என்று ஒவ்வொண்ணா சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு. ஆனா அந்தத் தட்டு பத்தாம் வகுப்போட நின்னுடுது. பதினஞ்சு வயசு வரைக்கும் பசிச்ச பிள்ளைக்குப் பதினாறுல பசிக்காதா என்ன?

நான் படிச்சது காவிரிக்கரைப் பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரி. பழைய மாணவர்கள் சேர்ந்து, இப்ப படிக்கிறவங்களுக்கு மதியச் சாப்பாடு போடறதுக்காக ஒரு விருந்து வச்சோம். இலைக்கு ஆயிரம் ரூபாய். "வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் பசியைப் பத்திப் பேசப் போறீங்களாக்கும்"னு தங்கமணி கிண்டல். கிண்டல் பண்ணிட்டு ரெண்டு டிக்கெட் வாங்கச் சொன்னதும் அவங்கதான் :-)

வந்தது 160 பேர். மண்டபம் ஓசி. சமையல் செலவு போக கையில நின்னது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

இந்தக் காலத்துல காலேஜ் பசங்க பட்டினியான்னு சிலர் கேட்கலாம். காலை எட்டரைக்கு வகுப்பு. கிராமத்துப் பிள்ளைங்க ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். அந்நேரத்துக்கு அம்மா வயல் வேலைக்குக் கிளம்பியிருப்பாங்க, அடுப்புல ஒண்ணும் இருக்காது. அரசுப் பள்ளியில் படிச்சு வந்தவங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை, பெண்களுக்கு 2022-லும் பையன்களுக்கு 2024-லும் ஆரம்பிச்சாங்க. நல்ல திட்டம். ஆனா முப்பதால வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு முப்பத்து மூணு ரூபாய். ஜெராக்ஸ், பரீட்சை ஃபீஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அதுக்குள்ளதான்.

எங்க செட்லயே ஒருத்தன் இருந்தான். மதியம் பெல் அடிச்சதும் லைப்ரரிக்குப் போயிடுவான். படிப்பாளின்னு பேர். காலையில லேட்டா சாப்பிட்டேன்டான்னு மூணு வருஷமும் சொன்னான்.

விருந்து முடிஞ்சு பணத்தை எப்படிச் செலவழிக்கறதுன்னு உட்கார்ந்தப்பதான் உண்மையான சண்டை. கேன்டீன்ல ஒரு சாப்பாட்டுக்கு நாற்பது ரூபாய் ஆகும். ஏழை மாணவர்கள் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தா நூறு நாள், அதாவது ஒரு செமஸ்டர் முழுக்க இலவசமா போடலாம்னு ஒருத்தர் கணக்கு சொன்னார். கணக்கு சரிதான். எங்களுக்குத் தமிழ் எடுத்த அம்மா, ரிட்டையர் ஆகி ரொம்ப வருஷமாச்சு, ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அந்த லிஸ்ட்டுல யாருப்பா பேர் குடுப்பா?"

பதினெட்டு வயசுல பசியை விடப் பெருசு கௌரவம். லைப்ரரிக்குப் போனவன் நிச்சயமா பேர் கொடுத்திருக்க மாட்டான்.

கடைசியில லிஸ்ட்டே வேண்டாம்னு முடிவாச்சு. யார் வந்தாலும் பத்து ரூபாய் டோக்கன், மீதி முப்பது நிதியிலிருந்து. வசதியான வீட்டுப் பையனும் பத்து ரூபாய்க்குச் சாப்பிடுவானேன்னு எதிர்ப்பு வந்தது. சாப்பிடட்டுமே! அவன் நிக்கிற வரிசையிலதான் மத்தவன் கூச்சமில்லாம நிப்பான். காலை உணவுத் திட்டத்துலயும் பள்ளிக்கூடத்துல யார் ஏழைன்னு கேட்டுக்கிட்டா போடறாங்க?

இதுக்கு விலை உண்டு. மொத்தம் நாலாயிரம் சாப்பாடு. தினம் எண்பது பேர்னா ஐம்பது நாள்தான். செமஸ்டரோ தொண்ணூறு நாள். கூட்டம் கூடினா இன்னும் சீக்கிரமே தீர்ந்துடும்.

முதல் வாரம் எண்பது பேருக்குக் கொஞ்சம் கூடவே வந்தாங்க. கேன்டீன் அண்ணன் சொன்னார்: "முதல் ரெண்டு நாள் அளவா சாப்பிட்டுட்டு எழுந்துட்டாங்க தம்பி. மூணாம் நாள்தான் ரெண்டாவது தடவை சோறு கேக்க ஆரம்பிச்சாங்க."

மிச்ச நாற்பது நாளைக்குத் தொண்ணூத்தாறாயிரம் வேணும். இன்னொரு விருந்து வைக்கலாம், வைப்போம். ஆனா வருஷா வருஷம் இலை போட்டு வசூல் பண்ணி ஒரு காலேஜைக் கரையேத்தலாம், ஊரை முடியாது. பத்தாவதோட நிக்கிற அந்தத் தட்டைப் பன்னிரண்டாவதுக்கும் கல்லூரிக்கும் நீட்ட வேண்டியது அரசாங்கம்தான். அதைக் கேக்கற நேரத்துல இந்தப் பிள்ளைங்க காத்திருக்க முடியாதுங்கறதால நாங்க டோக்கன் கிழிச்சுக்கிட்டிருக்கோம்.

உங்க ஊர் காலேஜ்கள்ல இப்படி ஏதாவது நடக்குதா? எப்படி நடத்தறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, எங்களுக்கு உதவியா இருக்கும்.