வருஷத்துக்கு ஒரு தேத்தண்ணி

டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்குத் தேவையான 30 லட்சம் கனேடிய டாலரும் சேர்ந்துவிட்டது என்ற செய்தி 2021-ல் வந்தபோது, எங்கள் வீட்டில் கேசரி கிளறினேன். கொரோனா காலம். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்க முடியாமல் நாங்கள் மூன்று பேருமே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

அந்த 30 லட்சத்தில் என் பங்கு கடுகளவுதான். கோயிலில், பிறந்தநாள் விருந்தில், மகளின் நடன வகுப்பு வாசலில் என்று தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்து 43 பேரைப் பணம் கட்ட வைத்திருந்தேன். பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கேசரிப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அந்த நோட்டை எடுத்தேன்.

"எல்லாருக்கும் ரசீது போயிருக்குமே. நீ எதுக்குத் தனியா போன் பண்ணணும்?" என்றார் கணவர்.

"அப்பாவுக்கும் ரசீது வந்துச்சு" என்றேன். அவர் மேலே பேசவில்லை.

அப்பா தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படித்த கல்லூரியில் புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு மாதப் பென்ஷனை அப்படியே அனுப்பினார். பத்தாம் நாள் ரசீது வந்தது. அதன் பிறகும் பல நாள் தபால்காரரைப் பார்த்தால் வாசலுக்கு எழுந்து போவார். "ரெண்டு வரி எழுதியிருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அடுத்த கடிதம் இரண்டு வருஷம் கழித்து வந்தது, மாடி கட்ட நிதி கேட்டு!

அப்பா போன பிறகு அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டடம் நன்றாகவே இருந்தது. வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை மட்டும் யாராவது எழுதிப் போட்டிருந்தால், அப்பா அந்தக் கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருப்பார்.

அதனால்தான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தேன். என் குரலைக் கேட்டதுமே பலரும் மௌனமாகிவிட்டார்கள். "இன்னும் பணம் வேணுமா?" என்று ஓர் அண்ணன் வாய்விட்டே கேட்டார். "இல்லண்ணா, நன்றி சொல்லத்தான்" என்றேன். "இதுக்கா கூப்பிட்ட?" என்று சிரித்தவர் நாற்பது நிமிஷம் பேசினார்.

நன்றியைக் காட்டிலும் பணம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லாருக்கும் ஆசை என்பது நாலைந்து அழைப்புகளிலேயே புரிந்தது. கூடவே ஒரு கூச்சமும் இருந்தது. 2018-ல் நிறைவடைந்த ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்டது 60 லட்சம் அமெரிக்க டாலர். அதற்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. டொராண்டோவுக்கும் ஒரு கோடி கொடுத்தது. "இதுக்கு நடுவுல என் இருபத்தஞ்சு டாலர் எந்த மூலைக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஸ்காபரோவில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் பேசியபோதுதான். தன் கைச்செலவுக் காசிலிருந்து 50 டாலர் கொடுத்தவர்.

"பிள்ளை, அந்தக் காசு செலவழிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அது செலவாகவே ஆகாது" என்றேன். இருக்கைக்குச் சேர்ந்த தொகை முதலாக அப்படியே இருக்கும். அதை முதலீடு செய்து, வருகிற வருமானத்தில் ஒரு பகுதியைத்தான் வருஷா வருஷம் பேராசிரியர் சம்பளம் போன்றவற்றுக்கு எடுப்பார்கள். நூற்றுக்கு நாலு என்று வைத்துக்கொண்டால், 30 லட்சத்துக்கு வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர்.

எதிர்முனையில் சத்தமில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்தபோது, சின்ன வயதில் அப்பா பெரிய கோயில் கல்வெட்டைக் காட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய, சோழர் காலத்தில் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடுகளை மேய்க்கிறவர் தினம் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டிகள் வந்து கணக்கு குறையாமல் இருக்கும். அதனால் அவற்றுக்குப் பெயரே 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

"ஓ... அப்ப என்ர அம்பது டொலரும் சாகாத ஆடுதான் எண்டு சொல்லுறியள்" என்றார். பிறகு மனக்கணக்கு போட்டார். "நாலு வீதமெண்டா வருசத்துக்கு ரெண்டு டொலர். ரெண்டு டொலருக்கு என்ன வாங்கலாம்?"

"ஒரு டீ வாங்கலாம்மா."

"அப்ப வாற பேராசிரியருக்கு வருசத்துக்கு ஒரு தேத்தண்ணி என்ர கணக்கில. நான் இல்லாட்டியும் குடிக்கட்டும்!"

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேசிய எல்லாரிடமும் இந்தத் தேத்தண்ணிக் கணக்கைத்தான் சொன்னேன். இருபத்தைந்து டாலர் கொடுத்தவர்களுக்கு அரை டீ!

43 பேரையும் கூப்பிட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது. ஒரு பெரியவரின் எண்ணில் அவர் மகன் எடுத்தார். அப்பா தவறி ஒரு மாதம் ஆகிறது என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், அவர் அப்பா கொடுத்த பணம் எங்கே இருக்கிறது, இனி என்ன செய்யும் என்பதை மட்டும் சொன்னேன். "அப்பா இதைக் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார் அவர். எனக்கும் அதையேதான் சொல்லத் தோன்றியது, என் அப்பாவை நினைத்து.

கோயிலுக்கோ பள்ளிக்கோ நீங்கள் யாரிடமாவது பணம் திரட்டியிருந்தால், வேலை முடிந்ததும் அவர்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள். நன்றி ஒரு வார்த்தை போதும். அவர்கள் கொடுத்தது இப்போது என்னவாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். கேட்க அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.