“பினிஷ்” என்றொரு சொல்

கோமாரியில் பஸ் வரும் வரை நிற்பதற்கு நல்ல மரநிழல் ஒன்று உண்டு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பாடசாலை விட்டுத் திரும்பும்போது அந்த நிழலில்தான் எனக்கு மார்க்கக் கேள்விகள் அதிகம் வரும். விடுபட்ட நோன்பு, அடகில் கிடக்கும் நகைக்கு ஸகாத் போன்ற கேள்விகளுக்குப் பஸ் வருவதற்குள் பதில் சொல்லிவிடலாம். சில வருடங்களுக்கு முன் வெளியூர்த் தாயொருவர் வந்து கேட்ட கேள்வி அப்படிப்பட்டதல்ல.

“மௌலவி, கட்டார்ல இருந்து மருமகன் போன்ல ‘எல்லாம் பினிஷ்’ என்று சொல்லிட்டார். எண்ட மகள் இத்தா இருக்கணுமா?”

விசாரித்தேன். மருமகன் அனுப்பிய பணம் வீட்டு வேலைக்குப் போனதா, மச்சினனின் கடனுக்குப் போனதா என்பதில் சண்டை. சண்டையின் நடுவில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மறுநாளே அவருடைய உடுப்புப் பெட்டி கயிறு கட்டப்பட்டு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டது. பெண் அறைக்குள் உட்கார்ந்து நாள் எண்ணத் தொடங்கிவிட்டாள். நான்கு நாளாயிற்று. இரண்டு பிள்ளைகளும் ‘வாப்பா எப்ப கதைப்பார்’ என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவுக்கும் ஒரேயொரு ஆங்கிலச் சொல்!

இந்தச் சொற்கள் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன். விசா கென்சல், கொன்ட்ராக்ட் பினிஷ், ஓவர்டைம் ஸ்டொப், கடை குளோஸ். பிழைக்கப்போன பிள்ளைகள் பாஷை தெரியாத பல நாட்டாருடன் ஒரே அறையில் கிடந்து பேசிப் பழகிய சொற்கள் இவை. அங்கே சோறு தீர்ந்தாலும் பினிஷ், வேலை போனாலும் பினிஷ். அரபியில் ‘கலாஸ்’ என்பதும் அப்படித்தான். ஈடேற்றம், விடுதலை என்ற பொருளும் உள்ள அந்த நல்ல சொல்லைத் தொழிலாளர் முகாமில் சோற்றுப் பானைக்குச் சொல்கிறார்கள்.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பையும் பாருங்கள். ‘கென்சல்’ என்பது இலத்தீனில் கம்பித் தட்டி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. எழுதியதன்மேல் தட்டிபோல் குறுக்குக் கோடுகள் கீறி அடித்துவிடுவது. ‘ஸ்டொப்’ என்பது முதலில் துவாரத்தை அடைப்பது. ‘பினிஷ்’ எல்லை என்ற சொல்லின் பேரப்பிள்ளை. ஒன்று கணக்குப் புத்தகத்துக்கு உரியது, ஒன்று போத்தலுக்கு, ஒன்று காணிக்கு. கணவன் மனைவிக்கு என்று பிறந்தது இவற்றில் ஒன்றுமில்லை.

நம் தமிழில் நிலைமை வேறு. ‘முடித்தல்’ என்றால் நிறைவேற்றுவது. கூந்தலை முடிவதும் முடிச்சுப் போடுவதும் அதே சாயலில் வருகின்றன. இலங்கை முஸ்லிம்களாகிய நாம் ஒருபடி மேலே போய், கலியாணம் செய்வதையே முடித்தல் என்கிறோம். நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவரிடம் நம்மவர் ஒருவர், “உங்கட தம்பி முடிச்சிட்டாரா?” என்று கேட்டார். அவர் திடுக்கிட்டு, “எதை?” என்றார். வெகுநாள் சிரித்தோம். ஆனால் குர்ஆனும் திருமண ஒப்பந்தத்தை ‘உக்தா’ என்றே குறிப்பிடுகிறது. உக்தா என்றால் முடிச்சு! நம் வாயில் வழங்கும் சொல் அதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது!

முடிச்சை அவிழ்ப்பதற்கும் அரபியில் தனிச் சொற்கள் இருக்கின்றன. தலாக் என்பது கட்டை அவிழ்த்து விடுவது. ஸராஹ் என்பது மேய்ச்சலுக்கு விடுவதுபோல் விட்டுவிடுவது. பிராக் என்பது பிரிவு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இம்மூன்றும் வெளிப்படையான சொற்கள். இவற்றைத் தெரிந்து சொன்னவன், ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்று பின்னால் தப்ப முடியாது. தலாக்கை வேறு மொழியில் பெயர்த்துச் சொன்னாலும் அது வெளிப்படையான சொல்லே என்று இமாம் நவவியின் மின்ஹாஜில் ஓதியிருக்கிறோம். ஆகவே ஆங்கிலத்தில் ‘டிவோர்ஸ்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்து மழுப்பலாம் என்று எந்தச் சகோதரரும் எண்ணிவிட வேண்டாம்.

‘பினிஷ்’ அப்படியல்ல. அது கினாயா, அதாவது பல பொருளுக்கு இடம்கொடுக்கும் மறைமுகச் சொல். சொல்லும்போதே தலாக் என்ற நிய்யத் இருந்தால்தான் தலாக் ஆகும். இல்லாவிட்டால் இல்லை. ஆக, பதில் அந்தத் தாயிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கட்டாரில் இருந்தது.

அன்றிரவு அந்த வீட்டிலிருந்து அவருக்கு எடுத்தோம். “தம்பி, அந்தச் சொல்லைச் சொல்லக்குள்ள மனசில என்ன இருந்த?” என்று கேட்டேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, “காசக் கதைச்ச ஹஸரத். இனிக் காசப்பத்திக் கதைக்கிறல்ல, பினிஷ் எண்டு சொன்ன. அவளப்பத்தி ஒண்டும் நினைக்கல்ல” என்றார். சத்தியம் செய்வீரா என்றேன். அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார். தலாக் நிகழவில்லை, இத்தாவும் இல்லை என்று சொன்னேன்.

ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் உண்மையாகவே ஒரு தலாக் சொல்லியிருந்தாலும் அன்றோடு ‘பினிஷ்’ ஆகியிருக்காது. இத்தாவுக்குள் மீட்டுக்கொள்ள வழியுண்டு. அந்தக் காலத்துக்குப் பெண்ணுக்குச் செலவு கொடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு. நாட்டின் சட்டமும் அவசரப்படுவதில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி, தலாக் சொல்ல எண்ணும் கணவன் முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். காதியார் குடும்பத்தாரையும் பெரியவர்களையும் வைத்துச் சமாதானத்துக்கு முயல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்திலும் தலாக், பஸஹ் என்ற சொற்களை அரபியிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். கோபத்தில் கட்டிய உடுப்புப் பெட்டிக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை, கிதாபிலும் இல்லை.

தாய்க்குப் பெரிய சந்தோஷம். பெட்டியை எடுத்துவர உடனே ஆள் அனுப்பினார். தேநீர் வந்தது. வேலை ஆயிற்று என்று நான் எழும்பும்போது, அதுவரை வாய் திறக்காதிருந்த அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“ஹஸரத், அவர் சொல்லக்குள்ள என்ன நினைச்சார் எண்டு கேட்டீங்க. நான் கேக்கக்குள்ள என்ன நினைச்சன் எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே?”

நிய்யத்தைப் பற்றி ஓதியதெல்லாம் சொல்பவனின் நிய்யத்தைப் பற்றியது. பெண்ணுக்குக் குலா உண்டு, பஸஹ் உண்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை என்பது நல்லவேளையாகப் புரிந்தது. நான்கு நாள் அந்த அறைக்குள் அவள் எதையெல்லாம் நினைத்திருப்பாள்! திரும்பவும் உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க மகள், கேட்கிறேன்” என்றேன்.

“உங்ககிட்ட இல்ல ஹஸரத்” என்றாள்.

போனை எடுத்துத் திரைக்குள் நீட்டினேன். தாயும் நானும் முற்றத்துக்கு வந்துவிட்டோம். கடைசிப் பஸ் போகும் நேரமாகியும் உள்ளே அவள் கதைத்துக்கொண்டுதான் இருந்தாள்.