சன்னலோரத்தில் கண்ட சுமேரு



சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு 'மலை' என்ற சொல்லைக் கற்பிப்பது எளிதன்று. நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டர்தான். அதைக் குன்று என்பதே பொருந்தும். 'எரிமலை' என்றால் மாணவர்கள் ஒரு முக்கோணம் வரைந்து உச்சியில் சிவப்பு தீட்டுவார்கள். ஆகவே, ஜூன் விடுமுறையில் பாலித் தீவுக்குச் சென்றபோது வகுப்புக்காக ஒரு நல்ல படம் எடுத்துவர முடிவு செய்தேன்.

காலை விமானத்தில் வலப்பக்கச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கினேன். பழந்தமிழர் சாவகம் என்றழைத்த ஜாவாத் தீவு அப்பக்கம்தான் வரும். காலைக் கதிரவன் மறுபக்கம் இருப்பதால் கண்ணும் கூசாது. இறக்கைக்கு முன்னுள்ள வரிசையே நல்லது. பின்வரிசையில் இயந்திரத்தின் வெப்பக்காற்று காட்சியைக் கலக்கிவிடும். பிளாஷை அணைத்து, கைப்பேசியைச் சன்னலருகே பிடித்து, உள்விளக்கின் ஒளி கண்ணாடியில் விழாதபடி கறுப்புச் சால்வையால் மறைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின், மேகங்களுக்கு மேலே சாம்பல்நிறக் கூம்பொன்று தெரிந்தது. ஜாவாவின் மிக உயர்ந்த மலையான சுமேரு, 3,676 மீட்டர். நம் புராணங்களின் மேருவே அதன் பெயரில் இருக்கிறது. நிலையின்றி ஆடிய ஜாவாவை நிலைநிறுத்தத் தேவர்கள் மேருவைப் பாரதத்திலிருந்து பெயர்த்து வந்தார்கள் என்பது அந்நாட்டுப் பழங்கதை. உச்சியில் சிறு புகை எழுந்தது. அழகில் மயங்கிப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. அங்கே படத்தைக் காட்டி, அந்தப் புகைக்கு விமானிகள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று விளக்கினேன். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. எரிமலைச் சாம்பல் என்பது பொடிந்த பாறை. இயந்திரத்தின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். தாழ இறங்கிச் சாம்பலைக் கடந்தபின் இயந்திரங்கள் மீண்டும் இயங்க, விமானம் ஜக்கார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. மாணவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். பாடம் சிறந்தது என்று நானும் மகிழ்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும், மாணவி ஒருத்தியை அழைத்துச் செல்ல அவள் வீட்டுப் பணிப்பெண் படியேறி வந்தார். மேசையில் கிடந்த படத்தைக் கண்டதும் "செமேரு" என்றார். பிறகு, வெறும் மேகம் மட்டுமே தெரிந்த ஓரிடத்தில் விரல் வைத்து, "இங்கேதான் என் அம்மா வீடு" என்றார்.

அவர் ஊர் மலையடிவாரத்து லுமாஜாங். 2021 டிசம்பர் 4 அன்று சுமேரு சீறியபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இவர் சிங்கப்பூரில் சமைத்துக்கொண்டிருந்தாராம். இரண்டு நாள்கள் தாயின் கைப்பேசி ஒலிக்கவே இல்லையாம். தாய் பிழைத்தார், கூரை பிழைக்கவில்லை. "ஏன் வேறிடம் போகவில்லை?" என்றேன். "சாம்பல் விழுந்த மண்ணில் மிளகாய் நன்றாக விளையும், டீச்சர்" என்றார்.

நான் எடுத்த பன்னிரண்டு படங்களில் ஒரு வீடுகூட இல்லை. அங்கே வீடு இருக்கும் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரையே வகுப்பில் பேச அழைத்தேன். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்ல, வகுப்பில் அதிகம் வாய்திறவாத அம்மாணவி 'அடிவாரம்', 'கூரை', 'விளைச்சல்' என்று சொற்களைத் தேடித்தேடித் தமிழில் கூறினாள். பின்னர் எல்லாரும் எரிமலை வரைந்தார்கள். உச்சிச் சிவப்பு அப்படியேதான் இருந்தது; ஆனால் பலரின் படங்களில் அடிவாரத்தில் ஒரு வீடும் இருந்தது.

பெற்றோர்களே, அடுத்த பயணத்தில் சன்னல் இருக்கையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்த மேகத்துக்குக் கீழே யார் வாழ்கிறார்கள் என்று தமிழில் கேளுங்கள்.