மலையடிவாரத்தில் கூலண்ட் பார்க்கும் கைகள்

எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிக்கொள்ளும் திரவம் கூலண்ட். எத்திலீன் கிளைக்காலும் தாது நீக்கிய தண்ணீரும் பெரும்பாலும் சரிபாதியாகக் கலந்திருக்கும். துருவையும் அரிப்பையும் தடுக்கும் ரசாயனங்கள் சிறிதளவு சேர்ந்திருக்கும். கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சரிபாதிக் கலவை 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் அது 125 டிகிரி அளவுக்கு உயரும்.

இந்த வித்தியாசத்தின் மதிப்பு மேட்டுப்பாளையத்தில் விளங்கும். நீலகிரியின் அடிவாரத்திலுள்ள இவ்வூரிலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்குச் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஐந்து பேருடன் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறும் சிறிய காரின் எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். மெதுவாகப் போவதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைவு. குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் வெளியே தெரியாத குறை மலைச்சாலையில் ஆவியாக வெளிப்படும்.

‘ஹீட் ஆகுது’ என்று வந்து நிற்கும் காரில் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் செய்வது காத்திருப்பது. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, கொதிக்கும் கூலண்ட் முகத்திலும் கையிலும் பீச்சியடிக்கும். பானெட்டைத் தூக்கி வைத்து அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மேல் ஹோஸ் தொடும் அளவுக்கு ஆறி, அழுத்தினால் விறைப்பின்றி அமுங்கிய பிறகே மூடியின் மேல் கனத்த துணி போர்த்தி மெல்லத் திருக வேண்டும்.

அளவைப் பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்லை. ரிசர்வ் டேங்கின் பக்கவாட்டில் ‘லோ’, ‘ஃபுல்’ என்றோ ‘மின்’, ‘மேக்ஸ்’ என்றோ இரண்டு கோடுகள் இருக்கும். சமதரையில், ஆறிய எஞ்சினில், திரவம் அவற்றுக்கு இடையே நிற்க வேண்டும்.

அளவு ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில்திறன் இருக்கிறது. மூடப்பட்ட அமைப்பில் கூலண்ட் அடிக்கடி குறையக் கூடாது. வாட்டர் பம்பின் அடியில் காய்ந்த உப்புக்கறை இருந்தால் சீல் தேய்ந்திருக்கலாம். காருக்குள் இனிப்பு வாடையும் ஈரமான தரைவிரிப்பும் ஹீட்டர் கோர் ஒழுகுவதைக் காட்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் குழம்பியிருந்தாலோ, எஞ்சின் சூடான பின்னும் சைலன்சரில் வெண்புகை விடாமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலண்ட் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது.

குறைந்ததை நிரப்பும்போது தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த வகையையே ஊற்ற வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்கள் வெறும் சாயம். அவற்றுக்குப் பொதுவான தரவரையறை கிடையாது. பொருந்தாத இரு வகைகள் கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும். சிலவேளை கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதன் சுண்ணாம்பு உள்ளே படிந்து சூடு வெளியேறுவதைத் தடுக்கும்.

பழைய பித்தளை ரேடியேட்டரில் படிந்த உப்பை, தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டு எடுப்பார்கள். ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பார்கள். இன்றைய சிறிய கார்களின் ரேடியேட்டரில் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் இருப்பதால் அந்தக் கைவேலைக்கு அநேகமாக இடமில்லை. ஒழுகினால் பெரும்பாலும் முழுதாக மாற்றுவார்கள். ஆகவே சரியான கூலண்டை உரிய காலத்தில் மாற்றுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

முழுதாக மாற்றும்போது கீழ் ஹோஸைக் கழற்றியோ வடிகால் திருகைத் திறந்தோ பழையதை வடிக்க வேண்டும். புதியதை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஏர் லாக் ஆகும். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவார்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், அளவு சற்று இறங்கும். அந்தக் குறையையும் நிரப்பி மூட வேண்டும்.

வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ தரையிலோ கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் குழந்தையும் சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவை முறையாக எடுத்துக்கொள்பவரிடம் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்புமுன் ரிசர்வ் டேங்கை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே தங்கியிருந்த காற்று விலகினால் அளவு சற்றுக் குறைந்திருக்கும், நிரப்பிவிட்டால் போதும். அதன் பின்னும் நாள்தோறும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்; அந்தக் காரை மலையேற்றக் கூடாது.