வேனின் 'டிக் டிக்' சத்தமும் மகளின் தலைவலியும்

பழைய வேன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரமெடுத்து வாசியுங்கள். என் மடத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு பெட்ரோல் லைட்ஏஸ். வாப்பா வாங்கியது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு நான், அதே பாடசாலையில் படிக்கும் மகள், கூடப் படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மார் என்று தினமும் நான்கு பேர் போய் வருகிறோம். ஒரு பக்கம் ஒரு மணித்தியாலப் பயணம்.

சில மாதங்களுக்கு முன் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். தம்பிலுவில் தாண்டும்போது குறைந்துவிடும். ஒரு கராஜில் காட்டினேன். டப்பட் சத்தம் என்று சொல்லி டப்பட் வைத்துத் தந்தார்கள். அடுத்த நாளும் அதே சத்தம். பழைய வாகனம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாரி மழை தொடங்கியது. கண்ணாடிகளை மூடிக்கொண்டுதான் ஓட்டம். மகள் பாடசாலையில் இறங்கும்போது "வாப்பா, தலை வலிக்குது" என்பாள். இடைவேளைக்குள் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து இறங்கினால் திரும்பவும் வலி. உம்மா பித்தம் என்றார். நான் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. பின்சீட்டில் வரும் டீச்சர் ஒருவர் கோமாரி வருமுன்பே தூங்கிவிடுவார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பிரேக் வேலைக்காக வேறொரு காக்காவின் கராஜுக்குப் போனேன். முந்தின இரவே வேனை விட்டுவிட்டு வரச் சொன்னார். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்க, அவரே ஸ்டார்ட் பண்ணினார். சத்தத்தைக் கேட்டதும் பிரேக்கை மறந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், இந்த வேன்ல வாற ஆக்களுக்குத் தலவலி கிலவலி வாறயா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

முன்சீட்டைத் தூக்கினார். இந்த வேனில் எஞ்சின் இருப்பது அதற்குக் கீழேதானே. ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை மெனிஃபோல்ட் ஓரமாகக் கொண்டு போனார். நாலாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் குழாயை என்னிடம் தந்தார். காதுக்குள் யாரோ ஊதுவது மாதிரி இருந்தது. பிறகு அந்தச் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினார். எஞ்சின் தடுமாறியது, ஆனால் 'டிக் டிக்' நின்றுவிட்டது. (இதை வெறும் கையால் செய்து பார்க்க வேண்டாம், ஷாக் அடிக்கும்.) டோர்ச் அடித்துக் காட்டினார். கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருந்தது. கடைசி ஸ்டட் முறிந்து தலையில்லாமல் நின்றது.

"டப்பட் சத்தமெண்டா சூடானாப்போல இப்பிடி இல்லாமப் போகாது சேர். இது இரும்பு சூட்டுல விரிஞ்சி ஓட்டைய அடைக்கிது. ஏத்தத்துல மிதிச்சிப் பாருங்க, திரும்பக் கேக்கும்."

உண்மைதான், கேட்டிருக்கிறேன். சைலன்சருக்குப் போக வேண்டிய புகை வழியிலேயே கசிந்து, சீட்டுக்குக் கீழே நைந்துபோன ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே வந்திருக்கிறது. நான் விஞ்ஞான ஆசிரியர். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் என்று தரம் 10 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிறவன். அந்தப் பாடத்தை நடத்தப் போன வேனிலேயே என் பிள்ளை அதைச் சுவாசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வேலை இரண்டு நாள் எடுத்தது. முறிந்த ஸ்டட்டுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் பண்ணித் திருகி எடுத்தார். மெனிஃபோல்டின் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஓரம் வளைந்திருந்தது. அப்படியே புதுக் கேஸ்கட் போட்டால் திரும்பவும் ஊதும் என்று லேத்துக்கு அனுப்பி மட்டப்படுத்தினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று நட்டுகளை இறுக்கினார். சில நாள் ஓடியபின் எஞ்சின் ஆறியிருக்கும்போது திரும்ப வரச்சொல்லி இன்னொரு தடவை இறுக்கிவிட்டார். சீட்டுக்குக் கீழே புது ரப்பரும் போட்டாயிற்று.

உங்கள் வேனிலும் காலையில் 'டிக் டிக்' கேட்டு, சூடானதும் குறைந்தால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். சூடான எஞ்சினோடு போனால் சத்தமும் இருக்காது, பாஸும் நம்பமாட்டார். அதுவரைக்கும் மழை என்றாலும் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓடுங்கள். முடிந்தால் ஓடவே வேண்டாம். நாங்கள் அந்த இரண்டு நாளும் பஸ்ஸில்தான் போனோம்.

நடந்ததைத் தூங்கி வரும் டீச்சரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்ப நான் சோம்பேறி இல்ல எண்டு ஸ்டாஃப் ரூம்ல சொல்லுங்க சேர்" என்றார். சொல்லியாயிற்று. மகளுக்குத் தலைவலி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பொத்துவில் போய்ச் சேரும் வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வருகிறாள்.